முதல் பிறந்தநாளைக் காணாத குழந்தைகள்: அமெரிக்கக் கறுப்பினத் தாய்மாரும் அக்கம்பக்கத் துணையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஓஹியோ மாநிலத்தில் குடியேறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இங்கே கறுப்பினக் கர்ப்பிணிகளுக்குத் துணை நிற்கும் ஒரு சிறிய அக்கம்பக்கக் குழுவில் தொண்டு செய்கிறேன். கார் ஓட்டுவதும், தொட்டிலைப் பூட்டிக் கொடுப்பதும், பரிசோதனைக்குப் போகும் தாயின் மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும்தான் பெரும்பாலும் என் வேலை. தமிழ்ச் சங்க விருந்தில் இதைச் சொன்னாலும் சரி, ஊரிலிருந்து அழைக்கும் அத்தையிடம் சொன்னாலும் சரி, ஏறத்தாழ ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

சிசு மரண விகிதம் என்று எதைச் சொல்கிறார்கள்? கருச்சிதைவும் அதில் சேருமா?

சேராது. உயிருடன் பிறந்த குழந்தை முதல் பிறந்தநாளுக்கு முன்னால் இறந்தால்தான் அது இந்தக் கணக்கில் வரும். ஓர் ஆண்டில் உயிருடன் பிறக்கும் 1,000 குழந்தைகளுக்கு இப்படி எத்தனை இறப்புகள் என்பதே விகிதம். கருச்சிதைவும், இறந்தே பிறக்கும் குழந்தைகளும் தனிக் கணக்கு.

இதில் ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் இறக்கும் சிசுக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பிறந்து 28 நாட்களுக்குள்ளேயே இறந்துவிடுகின்றன. குழந்தையின் பிழைப்பைத் தீர்மானிக்கும் பல விஷயங்கள் அது கண் திறப்பதற்கு முன்பே தாயின் உடம்பிலும் அவள் குடியிருக்கும் வீட்டிலும் நடந்து முடிந்துவிடுகின்றன. கீழே உள்ள பல பதில்கள் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

அமெரிக்காவிலா? அவ்வளவு பெரிய மருத்துவமனைகள் இருக்கும் நாட்டில் குழந்தைகள் சாகின்றனவா?

சாகின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட குழந்தைகள். நாட்டின் சராசரி 1,000க்கு 5.6. ஜப்பானில் அது 2க்கும் கீழே. ஆனால் சராசரி என்பது இங்கே ஒரு திரை. அதை விலக்கிப் பார்த்தால் வெள்ளையர் குழந்தைகளுக்கு 4.5, கறுப்பினக் குழந்தைகளுக்கு 10.9, அமெரிக்கப் பூர்வகுடிக் குழந்தைகளுக்கு 9க்குச் சற்று மேல், ஆசிய வம்சாவளியினருக்கு 3.5. ஒரே நாடு, பல நேரங்களில் ஒரே ஊர், ஒரே மருத்துவமனை.

நமக்குப் புரியும்படி ஒரு எண்: இந்திய அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி 2020இல் தமிழ்நாட்டின் சிசு மரண விகிதம் 13. உலகிலேயே மருத்துவத்துக்கு அதிகம் செலவழிக்கும் நாட்டில், ஒரு கறுப்பினக் குழந்தையின் நிலைமை நம் மாநிலக் குழந்தையின் நிலைமைக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

மொத்தத்தில் குறைந்துகொண்டுதானே வந்திருக்கிறது? பிறகு எதற்கு இன வேறுபாடு பற்றிய பேச்சு?

குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை. 1950இல் வெள்ளையரிடம் 26.8 ஆகவும் கறுப்பினத்தவரிடம் 43.9 ஆகவும் இருந்தது. 2000இல் அவை முறையே 5.7, 14.1. இருவருக்கும் பெரிய இறக்கம்தான். ஆனால் வகுத்துப் பாருங்கள். 1950இல் கறுப்பினக் குழந்தை இறக்கும் வாய்ப்பு வெள்ளையர் குழந்தையைப்போல 1.6 மடங்கு. 2000இல் ஏறத்தாழ 2.5 மடங்கு. மேலே சொன்ன 2022 எண்களிலும் அதே அளவுதான்.

புதிய மருந்தும் புதிய கருவியும் வரும்போதெல்லாம் அவை முதலில் சென்று சேரும் வீடு ஒன்று, கடைசியில் சேரும் வீடு ஒன்று. இடைவெளி தானாக மூடிக்கொள்ளும் என்று காத்திருந்த அரை நூற்றாண்டில் அது அகலமாகியிருக்கிறது.

ஏழைகள் என்பதுதானே உண்மையான காரணம்? அதற்கு ஏன் நிறத்தை இழுக்கிறீர்கள்?

நானும் இங்கு வந்த புதிதில் அப்படித்தான் நினைத்தேன். வறுமைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அது மட்டுமே காரணமென்றால், படித்து நல்ல வேலையில் இருக்கும் கறுப்பினப் பெற்றோரின் குழந்தைகளுக்கு இந்த வேறுபாடு மறைந்துபோக வேண்டும். மறையவில்லை. தாயும் தந்தையும் கல்லூரிப் பட்டதாரிகளாக உள்ள குடும்பங்களை மட்டும் எடுத்துக்கொண்ட ஓர் ஆய்வு 1992இல் வெளியானது. அதில் வெள்ளையர் குழந்தைகளிடம் விகிதம் 5.4, கறுப்பினக் குழந்தைகளிடம் 10.2.

அதே ஆய்வில் இன்னொன்றையும் கண்டார்கள். எடை குறையாமல் பிறந்த குழந்தைகளை மட்டும் ஒப்பிட்டபோது இரு தரப்புக்கும் வேறுபாடே இல்லை. படித்த கறுப்பினத் தாய், பிறந்த குழந்தையை வளர்ப்பதில் எந்தக் குறையும் வைக்கவில்லை. குழந்தை சீக்கிரமாகவும் சிறியதாகவும் பிறந்துவிடுவதுதான் சிக்கல்.

அப்படியானால் ரத்தத்திலேயே, பரம்பரையிலேயே ஏதாவது இருக்குமோ?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். கேட்பது நல்லது. ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இல்லினாய் மாநிலத்துப் பிறப்புப் பதிவுகளை வைத்து 1997இல் இதற்கு விடை தேடினார்கள். ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த கறுப்பினப் பெண்களின் குழந்தைகளையும், அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்களின் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். அமெரிக்கக் கறுப்பினத்தவரிடம் ஐரோப்பிய வம்சாவளிக் கலப்பும் உண்டு. ஆகவே மரபணுதான் காரணமென்றால், அவர்களைவிட ஆப்பிரிக்கப் பெண்களுக்கு இன்னும் சிறிய குழந்தைகள் பிறந்திருக்க வேண்டும்.

நேர்மாறாக இருந்தது. வெள்ளையர் குழந்தைகளின் சராசரி எடை 3,446 கிராம், ஆப்பிரிக்காவில் பிறந்த தாய்மாரின் குழந்தைகள் 3,333 கிராம், அமெரிக்காவில் பிறந்த கறுப்பினத் தாய்மாரின் குழந்தைகள் 3,089 கிராம். அதே இருவர் பங்கெடுத்த பிந்தைய ஆய்வில், குடியேறிய கறுப்பினப் பெண்களின் மகள்கள் அமெரிக்காவில் வளர்ந்து தாயானபோது, அவர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் எடை குறைந்திருந்தது தெரிந்தது. ஒரே தலைமுறை. ரத்தம் அவ்வளவு வேகமாக மாறாது. மாறியது அந்தப் பெண் வளர்ந்த நாடு.

பிறகு எதுதான் காரணம்? ஒரே வரியில் சொல்ல முடியாதா?

குறைப்பிரசவம். ஒரே வரி வேண்டுமென்றால் அதுதான். கறுப்பினத் தாய்மாரில் 14 சதவீதத்துக்கும் மேலானோருக்கு 37 வாரம் நிறையும் முன்பே பிரசவமாகிறது. வெள்ளையரிடம் இது 9 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ஆனால் குறைப்பிரசவம் ஏன் என்று கேட்டால் ஒரு வரி போதாது.

ஆர்லீன் ஜெரோனிமஸ் என்ற ஆய்வாளர் 1992இல் ஒரு விளக்கம் சொன்னார். வெள்ளையரில் பதின்ம வயதுத் தாயைவிட இருபதுகளில் இருக்கும் தாய்க்குக் குழந்தை நன்றாகப் பிழைக்கிறது. கறுப்பினப் பெண்களிடம் அவர் கண்டது தலைகீழ்: வயது ஏற ஏற ஆபத்தும் ஏறியது. வெயிலும் மழையும் பட்டுச் சுவரின் காரை உதிர்வதுபோல, ஓயாத பாகுபாடும் பணக் கவலையும் விழிப்பும் ஓர் உடம்பை அதன் வயதுக்கு முன்பே தேய்த்துவிடுகின்றன என்றார். ரத்த அழுத்தமும் கர்ப்பகால இசிவு நோயும் கறுப்பினப் பெண்களிடம் மிகுதியாகக் காணப்படுவதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

உடம்புக்கு வெளியே இருப்பவையும் உண்டு. பல பத்தாண்டுகள் வங்கிக் கடன் மறுக்கப்பட்டுப் பாழாய்ப்போன குடியிருப்புகள், பஸ் வராத தெருக்கள், அருகில் மூடப்பட்ட பிரசவப் பிரிவுகள். அதோடு, சொன்னால் காது கொடுத்துக் கேட்காத மருத்துவமனை. எங்கள் குழுவின் தாய் ஒருத்தி, தலைவலி தாங்கவில்லை, கண் மங்குகிறது என்று சொல்லியும், ஓய்வெடுக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். அன்றிரவு எங்கள் பணியாளர் அவளை வேறோர் இடத்துக்கு அழைத்துப் போய், அவளுடைய ரத்த அழுத்தத்தை அளக்கும்வரை அந்த அறையைவிட்டு நகர மறுத்தார். அளந்த பிறகு யாரும் ஓய்வைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது நான்கு வயது.

இப்படி ஊர்க்காரர்களை வைத்துத் துணை செய்வது புதிய யோசனையா?

இல்லை. இதைப் பற்றி எழுதும்போது நான் முதலில் நினைப்பது மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட் பாயுவைத்தான். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் 1887இல் தாங்களே நிறுவிய ஊர் அது. 1967இல் அங்கே ஒரு சுகாதார மையம் திறக்கப்பட்டது. ஜாக் கெய்கர் என்ற மருத்துவர், முன்பு தென்னாப்பிரிக்காவின் ஃபொலேலாவில் சிட்னி கார்க், எமிலி கார்க் தம்பதியரிடம் கற்றதை அங்கே செய்து பார்த்தார். பருத்தி வயல்களில் இயந்திரம் வந்து கூலி வேலை போய், பசியில் கிடந்த மக்கள் அவர்கள். எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகளுக்கு மையத்தின் மருத்துவர்கள் மருந்துச் சீட்டில் உணவு எழுதிக் கொடுத்தார்கள். பால், காய்கறி, இறைச்சி, இத்தனை அளவு என்று. ஊர் மளிகைக் கடை அதைப் பார்த்துப் பொருள் கொடுத்தது, பணம் மையத்தின் மருந்துக் கணக்கிலிருந்து போனது. மருந்துக்கான நிதியில் அரிசி பருப்பு வாங்குவதா என்று மேலிடம் கேட்டபோது, ஊட்டக்குறைவுக்கு நான் படித்த பாடநூலில் இருக்கும் மருந்து உணவுதான் என்று கெய்கர் பதில் சொன்னார்.

அதோடு நிற்கவில்லை. ஜான் ஹாட்ச் என்ற அமைப்பாளர் வீடு வீடாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்டார். கிணறு தோண்டினார்கள், கழிப்பறை கட்டினார்கள், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்தார்கள், ஒரு கூட்டுறவுப் பண்ணை தொடங்கிக் காய்கறி விளைவித்தார்கள். அதே காலத்தில், இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 சிவில் உரிமைச் சட்டத்தாலும் 1966இல் வந்த முதியோர் காப்பீட்டாலும் தென்மாநில மருத்துவமனைகள் கறுப்பினத்தவருக்குக் கதவைத் திறந்தாக வேண்டியதாயிற்று. அதற்குப் பின் சில ஆண்டுகளிலேயே மிசிசிப்பியில் வயிற்றுப்போக்காலும் நிமோனியாவாலும் இறந்த கறுப்பினச் சிசுக்களின் எண்ணிக்கை வெகுவாக இறங்கியது. மருத்துவமனைக் கதவும் கிணறும் மளிகைச் சீட்டும் சேர்ந்து செய்த வேலை என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

சரி, இன்றைக்கு இந்தத் திட்டங்களில் வருபவர்கள் வீட்டுக்கு வந்து என்னதான் செய்வார்கள்?

திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். கூட்டரசின் ‘ஹெல்தி ஸ்டார்ட்’ 1991இல், சிசு மரணம் நாட்டுச் சராசரியைவிட மிக அதிகமாக இருந்த 15 இடங்களில் தொடங்கியது. இன்று நாடெங்கும் நடக்கிறது. டேவிட் ஓல்ட்ஸ் உருவாக்கிய செவிலியர் வருகைத் திட்டத்தில், முதல் குழந்தையைச் சுமக்கும் ஏழைத் தாயின் வீட்டுக்குக் கர்ப்பகாலம் தொடங்கிக் குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை செவிலியர் வருவார். கேத்ரின் ஹால்-துருஹியோ 1988இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோவில் தொடங்கிய ‘பர்த்திங் ப்ராஜெக்ட்’ இன்னும் எளிமையானது: ஒரு கர்ப்பிணிக்கு ஒரு தோழி, பிரசவத்துக்கு முன்னும் பின்னும்.

எங்கள் ஓஹியோவின் மான்ஸ்ஃபீல்டில் மார்க் ரெடிங், சேரா ரெடிங் என்ற மருத்துவத் தம்பதியர் அமைத்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. அலாஸ்காவின் கிராம சுகாதாரப் பணியாளர்களிடம் கண்டு கற்றதை அவர்கள் இங்கே கொண்டுவந்தார்கள். தாயின் ஒவ்வொரு சிக்கலும் ஒரு தனிப் பாதை: வீடு, போக்குவரத்து, காப்பீடு, புகைபிடித்தல், மன அழுத்தம். வீட்டுக்கு ஒரு விண்ணப்பத்தை நீட்டியதும் அந்தப் பாதை முடிந்துவிடாது. அவள் புது வீட்டில் குடியேறிய பிறகுதான் முடிந்ததாகக் குறிப்பார்கள், பணியாளரின் அமைப்புக்குப் பணமும் அதைப் பொறுத்தே.

நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். எங்கள் பணியாளர் அதே தெருவில் வளர்ந்தவர், அவரே குறைப்பிரசவத்தில் ஒரு குழந்தையை இழந்தவர். ஏழாம் மாதத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்த பெண்ணுக்காக வீட்டுக்காரரிடம் பேசுகிறார், வாடகை உதவிக்கு மனு எழுதுகிறார், அழுதால் பக்கத்தில் உட்காருகிறார். நம் வீடுகளில் ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டுத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவோம் அல்லவா? அந்த மாதத்தில் ஒரு பெண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

நம் ஊர் கிராம சுகாதாரச் செவிலியர் போலத்தானே? இதற்கு ஏன் இத்தனை பெயர்கள்?

வீடு தேடி வருவதில் ஒற்றுமை உண்டு. தமிழ்நாட்டில் அது அரசின் ஒரே அமைப்பு. எந்தக் கிராமத்துக்கு யார் பொறுப்பு என்பது தெளிவு. கர்ப்பத்தைப் பதிவு செய்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணமும் வரும்.

இங்கே அப்படி ஒரே கூரை இல்லை. கூட்டரசு, மாநிலம், மாவட்டம், தேவாலயம், அறக்கட்டளை என்று ஆளுக்கொரு பக்கம் நிதி தருவதால் ஆளுக்கொரு பெயர். ஒரு தெருவில் மூன்று திட்டங்கள் இருக்கும், அடுத்த தெருவில் ஒன்றும் இருக்காது. ஏழைகளுக்கான மெடிக்கெய்டு காப்பீடு பிரசவமாகி 60 நாட்களில் முடிந்துவிடும் என்பதே நெடுங்கால விதியாக இருந்தது. 2021இல் வந்த சட்டத்துக்குப் பிறகே பெரும்பாலான மாநிலங்கள் அதை ஓராண்டாக நீட்டின.

டூலா என்கிறார்களே, அவர் மருத்துவச்சியா?

இல்லை. மருத்துவச்சி பிரசவம் பார்ப்பார். டூலா, பிரசவிக்கும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவர். மூச்சை நிதானப்படுத்துவார், மருத்துவர் சொல்வதை விளக்குவார், அவள் சொல்வதை மருத்துவர் கேட்கும்படி செய்வார். ஒரு காலத்தில் தென்மாநிலங்களில் இந்த இரண்டு வேலைகளையும் கறுப்பின மூதாட்டி மருத்துவச்சிகளே செய்தார்கள். 1970களில் அலபாமா போன்ற மாநிலங்கள் அவர்கள் தொழில் செய்வதைத் தடுத்துவிட்டன. அறுபட்ட அந்த இழையைத்தான் இப்போது மீண்டும் நூற்கிறார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. பலன் உண்டா? எண்ணைக் காட்டுங்கள்.

பால்டிமோர் நகரம் 2009இல் தன் எல்லாத் திட்டங்களையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. அந்த ஆண்டு அங்கே விகிதம் 13.5. வீடு தேடிப் போவது, தூங்கவைக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பது, அப்டன்–ட்ரூயிட் ஹைட்ஸ் போன்ற பேட்டைகளில் தெருத்தெருவாக ஆட்களைத் திரட்டுவது என்று வேலை செய்தார்கள். 2012இல் 9.7. மான்ஸ்ஃபீல்டு முறையில் துணை பெற்ற தாய்மாருக்கு எடை குறைந்த குழந்தை பிறந்தது 6.1 சதவீதம், அவர்களைப் போன்ற மற்ற தாய்மாருக்கு 13 சதவீதம் என்று 2015இல் வெளியான ஆய்வு சொன்னது. புரூக்ளினில் டூலா துணை கிடைத்தவர்களிடம் குறைப்பிரசவம் 6.3 சதவீதம், அதே பகுதியின் மற்றவர்களிடம் 12.4. மெம்ஃபிஸ் நகரில் செவிலியர் வருகையைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோலப் பிரித்துக் கொடுத்து, பெரும்பாலும் கறுப்பினத் தாய்மாராக இருந்த அந்தக் குடும்பங்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். செவிலியர் வந்து போன வீடுகளில், தடுக்கக்கூடிய காரணங்களால் இறந்த பிள்ளைகள் ஒருவர்கூட இல்லை. வராத வீடுகளில் 1.6 சதவீதம்.

எல்லா ஆய்வும் இப்படித்தான் சொல்கிறதா? உங்களுக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி எடுக்கவில்லையே?

நியாயமான கேள்வி. எல்லாம் இப்படிச் சொல்லவில்லை. மேலே சொன்னவற்றில் மான்ஸ்ஃபீல்டிலும் புரூக்ளினிலும் தாய்மார் தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள். தேடி வந்து சேர்பவர் வேறு வகையிலும் முனைப்புள்ளவராக இருக்கலாம். தென் கரோலினாவில் 5,000க்கும் மேற்பட்ட தாய்மாரைக் கொண்டு நடந்த பெரிய சோதனையின் முடிவு 2022இல் வந்தது. மெம்ஃபிஸில் நடந்த அதே செவிலியர் வருகைத் திட்டம்தான். குறைப்பிரசவம், குறை எடை, பிறப்பை ஒட்டிய இறப்பு ஆகியவற்றைச் சேர்த்து அளந்ததில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. கர்ப்பிணிகளைக் குழுவாக உட்காரவைத்துப் பரிசோதிக்கும் முறை 2007இல் குறைப்பிரசவத்தை 13.8இலிருந்து 9.8 சதவீதமாகக் குறைத்தது என்று பெயரெடுத்தது. பின்னாளில் தென் கரோலினாவிலேயே சோதித்தபோது ஒட்டுமொத்தத்தில் அந்தப் பலன் தென்படவில்லை.

விஸ்கான்சின் மாநிலத்தின் டேன் மாவட்டம் இன்னும் பெரிய பாடம். 1990களில் அங்கே கறுப்பினச் சிசு மரணம் 1,000க்கு 19 அளவில் இருந்தது. 2002 முதல் சில ஆண்டுகள் 5 அளவுக்கு இறங்கி வெள்ளையருக்குச் சமமானது. நாடே திரும்பிப் பார்த்தது. பிறகு மீண்டும் ஏறிவிட்டது. இறங்கியதற்கும் ஏறியதற்கும் ஆய்வாளர்களால் ஒரே காரணத்தைச் சுட்ட முடியவில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். 20, 25 ஆண்டுகளாகத் தேய்ந்த உடம்பை (தேய்மானம் பற்றி மேலே சொல்லியிருக்கிறேன்) ஆறு மாத வருகை திருப்பிக் கொண்டுவந்துவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. குறைப்பிரசவத்தைத் தடுப்பதில் துணைத் திட்டங்களின் சான்று கலவையானது. குழந்தை வீட்டுக்கு வந்த பிறகு நேரும் இறப்புகளைத் தடுப்பதில் சான்று வலுவானது. நிதி கேட்கும்போது இந்த வேறுபாட்டை மறைக்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. மிகையாக வாக்குக் கொடுத்த திட்டம்தான் முதல் மோசமான முடிவு வந்ததும் மூடப்படுகிறது, அதை நம்பியிருந்த தாய் நடுவழியில் நிற்கிறாள்.

தூங்கவைக்கும் முறை என்றீர்களே. குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாதா? நம் பாட்டிகள் எல்லாம் அப்படித்தானே வளர்த்தார்கள்?

இதைக் கேட்காத தமிழ்ப் பாட்டியை நான் சந்தித்ததில்லை. குழந்தையை மல்லாத்திப் படுக்கவைக்க வேண்டும், தனியான, கெட்டியான, சமமான படுக்கையில், தலையணை போர்வை பொம்மை எதுவும் இல்லாமல். தாயின் அறையிலேயே, ஆனால் தனித் தொட்டிலில். இதுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அறிவுரை. மல்லாத்திப் படுக்கவைக்கச் சொல்லும் பிரசாரம் 1994இல் தொடங்கியபின் காரணம் தெரியாத திடீர்ச் சிசு மரணம் பாதிக்கும் மேல் குறைந்தது. ஆனால் கறுப்பினக் குழந்தைகளிடம் அது இன்னும் வெள்ளையரைப்போல ஏறத்தாழ இரு மடங்கு.

பாட்டி படுத்தது தரையில் விரித்த பாயில். இங்கே இருப்பது உடம்பு புதையும் மெத்தையும் பஞ்சுப் போர்வையும். எல்லாவற்றிலும் ஆபத்தானது சோபா. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டில், தொட்டில் வாங்கக் காசில்லாத தாய்க்குச் சோபாவும் அவள் மார்பும்தான் குழந்தையின் படுக்கை. அவளிடம் துண்டுப் பிரசுரத்தை நீட்டிவிட்டு வந்தால் என்ன பயன்? பிட்ஸ்பர்கில் 1998இல் தொடங்கிய ஒரு முயற்சி இலவசமாகத் தொட்டிலையே கொடுத்தது. பால்டிமோரில் குழந்தையை இழந்த தாய்மாரே தங்கள் கதையைக் காணொளியில் பேசினார்கள். மருத்துவர் சொன்னால் தலையசைப்பவர்கள், அதைக் கேட்டபோது தொட்டிலை எங்கே வாங்கலாம் என்று விசாரித்தார்கள்.

இத்தனை பேரை அனுப்புவதற்குப் பதிலாகப் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டால் போதாதா?

அதுவும் நடக்கிறது, நல்லதுதான். மிச்சிகனின் ஃபிளின்ட் நகரில் 2024 ஜனவரியிலிருந்து கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் 1,500 டாலர், பிறந்த பின் ஓராண்டுக்கு மாதம் 500 டாலர். ஈயம் கலந்த குடிநீரால் வதைபட்ட ஊர் அது. மருத்துவர் மோனா ஹன்னா இதை முன்னின்று தொடங்கினார். கொலம்பஸ் நகரில் 100 கர்ப்பிணிகளை எடுத்து, பாதிப் பேருக்கு வாடகை உதவி கொடுத்து ஒரு சிறிய சோதனை செய்தார்கள். பணம் வேண்டும். ஆனால் மேலே சொன்ன தலைவலி இரவில், அந்தப் பெண்ணின் கையில் பணம் இருந்திருந்தாலும், அறையைவிட்டு நகர மறுக்க ஓர் ஆள் தேவைப்பட்டிருப்பார்.

கறுப்பினத் தாய்மாருக்கு மட்டும் என்று திட்டம் போடுவது மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?

நீதிமன்றம்வரை போன கேள்வி இது. சான் பிரான்சிஸ்கோவில் கறுப்பின, பசிபிக் தீவுக் கர்ப்பிணிகளுக்கு மாதம் 1,000 டாலர் தரும் முயற்சி 2021இல் தொடங்கியது. 2023இல் அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஃபிளின்ட் போன்ற ஊர்கள் வேறு வழியைத் தேர்ந்தன. தேவை மிகுந்த ஊரை எடுத்து, அங்குள்ள எல்லாருக்கும் கொடுத்தன.

என் கருத்தைச் சொல்கிறேன். தீ எந்த வீட்டில் எரிகிறதோ அங்கேதான் முதலில் தண்ணீர் ஊற்றுவோம். எங்கள் ஓஹியோவின் அப்பலாச்சியப் பகுதிகளில் வெள்ளையர் தாய்மாரும் வறுமையில் தவிக்கிறார்கள், அவர்களுக்கும் திட்டம் வேண்டும். இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதை நான் ஏற்கவில்லை.

கறுப்பின மருத்துவர் பார்த்தால் கறுப்பினக் குழந்தை பிழைக்கும் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

ஃபுளோரிடாவின் பிறப்புப் பதிவுகளை வைத்து 2020இல் வந்த ஆய்வு அப்படிச் சொன்னது, பெரிதாகப் பேசப்பட்டது. 2024இல் அதே தரவை வேறு ஆய்வாளர்கள் மீண்டும் பார்த்தார்கள். மிகக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகளைக் கணக்கில் சேர்த்தபோது அந்தப் பலன் ஏறத்தாழ மறைந்துவிட்டது. ஆகவே இந்த எண்ணை இனி மேற்கோள் காட்டாதீர்கள். கறுப்பின மருத்துவர்களும் செவிலியர்களும் இன்னும் அதிகம் வேண்டும் என்பதற்கு இந்த ஓர் ஆய்வைச் சார்ந்திராத காரணங்கள் நிறைய இருக்கின்றன.

நம் பெண்களுக்கு இதில் என்ன சம்பந்தம், அக்கா?

ஒன்று உண்டு. இந்தியாவிலிருந்து குடியேறிய தாய்மார் படித்தவர்கள், வசதியானவர்கள், பரிசோதனைக்குத் தவறாமல் போகிறவர்கள். அப்படியிருந்தும் அவர்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகப் பிறப்பதைக் கலிஃபோர்னிய ஆய்வு ஒன்று 2003இல் காட்டியது. நம் குழந்தை எடை குறைந்து பிறந்தால், அம்மா விமானம் ஏறி வருகிறாள், பத்தியச் சமையல் நடக்கிறது, கணவருக்கு விடுப்பு இருக்கிறது, காப்பீடு இருக்கிறது. அந்தக் குழந்தையைச் சுற்றி பத்துக் கைகள் நிற்கின்றன. பக்கத்துப் பேட்டையில் அதே எடையில் பிறந்த குழந்தைக்குத் தாய் பத்தாம் நாள் வேலைக்குத் திரும்பியாக வேண்டும்.

நான் மருத்துவம் படிக்கவில்லை. வாரத்தில் ஓர் அரை நாள்தான் இருக்கிறது. என்ன செய்ய முடியும்?

உங்கள் ஊர் சுகாதாரத் துறையை அழைத்து, கர்ப்பிணிகளுக்குத் துணை செய்யும் குழு எது என்று கேளுங்கள். புதிதாக நீங்களே ஒன்றைத் தொடங்காதீர்கள், இருப்பவர்களிடம் ஆள் போதவில்லை. டயப்பர் கொண்டு போங்கள். அரசின் உணவு உதவி அட்டைகள் எதிலும் டயப்பர் வாங்க முடியாது என்பது பலருக்குத் தெரியாது. கார் இருந்தால் சொல்லுங்கள். மெடிக்கெய்டு வண்டி அனுப்பும், ஆனால் பல இடங்களில் நாட்கணக்கில் முன்பதிவு வேண்டும், மூத்த பிள்ளையை ஏற்றிக்கொள்ள மறுப்பதும் உண்டு.

போனால் புத்திமதி சொல்லாதீர்கள். எப்போது வரட்டும் என்று மட்டும் கேளுங்கள், சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள். சென்ற மாதம் 34ஆம் வாரப் பரிசோதனைக்கு ஒரு பெண்ணை அழைத்துப் போனேன். அவள் உள்ளே இருந்த ஒன்றரை மணி நேரமும் அவளுடைய இரண்டு வயது மகன் என் மடியில் உட்கார்ந்து என் வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தான். இதற்கு முந்தைய இரண்டு பரிசோதனைகளுக்கு அவள் போகவில்லை. அவனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்பதுதான் காரணம்.